அலுவலக உபுண்டு கணினியில் கடவுச்சொல் கேட்கும் ப்ராக்ஸி: முழுக் கணினிக்கும் ஒரே வாசல்

ப்ராக்ஸி என்பது அலுவலக வலையமைப்புக்கும் இணையத்துக்கும் நடுவே நின்று கோரிக்கைகளைக் கடத்தும் சர்வர். லினக்ஸில் “கணினி முழுவதற்கும் ப்ராக்ஸி” என்று ஒரே ஒரு பொத்தான் கிடையாது. க்னோம் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் ப்ராக்ஸி முகவரியைப் போட்டால் ஃபயர்ஃபாக்ஸும் குரோமியமும் வெளியே போகும், பொதிகளை நிறுவும் ஏபிடி போகாது. சூழல் மாறிகளில் போட்டால் கட்டளை வரி நிரல்களான கர்ல், பிப், கிட் மூன்றும் எடுத்துக்கொள்ளும், ஆனால் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி கிளப்பும் டாக்கர் சேவைக்கு அது தெரியவே தெரியாது. உபுண்டுவின் இன்னொரு பொதி முறையான ஸ்னாப்புக்குத் தனி அமைப்பு. ஜாவா இயல்பில் இவை எதையும் படிக்காது. ப்ராக்ஸி பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்பதாக இருந்தால் இந்த ஒவ்வொரு இடத்திலும் கடவுச்சொல்லை எழுதிவைக்க வேண்டிவரும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் அதைத்தான் செய்யச் சொல்கின்றன. அப்படிச் செய்யக் கூடாது என்பதே இந்தப் பதிவின் கட்சி. கடவுச்சொல் கணினியில் ஒரே கோப்பில், ரூட் (நிர்வாகப் பயனர்) மட்டும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மற்ற எல்லாம் கடவுச்சொல் இல்லாத உள்முகவரி ஒன்றை, அதாவது கணினிக்குள்ளேயே ஓடும் இடைநிலை நிரலின் முகவரியை, பார்த்தால் போதும்.

கீழே உள்ளவை உபுண்டு 24.04 கணினிக்கானவை. நிறுவன ப்ராக்ஸியின் முகவரி எடுத்துக்காட்டுக்கு 10.1.1.10, போர்ட் 3128, கணக்கு மைக்ரோசாஃப்டின் பயனர் கணக்குக் களஞ்சியமான ஆக்டிவ் டைரக்டரியில் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். அலுவலகக் கணினியில் இப்படி ஒரு இடைநிலை நிரலை நிறுவ ஐடி பிரிவின் ஒப்புதலை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பல நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகளில் இதற்குத் தனி வரியே உண்டு.

எந்த வகை அடையாளச் சோதனை?

எதையும் நிறுவும் முன் ப்ராக்ஸி என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். கர்ல் கட்டளையை விரிவான வெளியீட்டுக்கான “-வி” விருப்பத்துடனும், “-எக்ஸ்” (சிற்றெழுத்து) விருப்பத்துக்குப் பின் எச்டிடிபி://10.1.1.10:3128 என்ற முகவரியுடனும், கடைசியில் ஏதாவது ஒரு வெளித்தள முகவரியுடனும் ஓட்டுங்கள். பயனர்பெயர் எதுவும் கொடுக்க வேண்டாம். 407 என்ற பதில் வரும். அதன் கீழே “ப்ராக்ஸி-ஆதென்டிகேட்” என்று தொடங்கும் தலைப்பு வரிகள்தான் நமக்கு வேண்டியவை. பேசிக், என்டிஎல்எம், நெகோஷியேட் என்று ஒன்றோ பலவோ இருக்கும். 401 வந்தால் கேட்பது ப்ராக்ஸி அல்ல, அந்தத் தளம். 403 வந்தால் ப்ராக்ஸி அந்தத் தளத்தையே மறுக்கிறது என்று பொருள். அங்கே கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை.

இந்தச் சோதனைக்குப் பிங், என்எஸ்லுக்கப் இரண்டையும் நம்ப வேண்டாம். பிங் ப்ராக்ஸி வழியாகப் போகாது. வெளிப் பெயர்களுக்கு டிஎன்எஸ் (பெயருக்குரிய ஐபி எண்ணைத் தருவது) தேடுவது ப்ராக்ஸியின் வேலை என்பதால், பல அலுவலக வலையமைப்புகளில் உள்ளிருந்து வெளிப் பெயர்களுக்கு எண்ணே கிடைக்காது. இரண்டும் தோற்றாலும் ப்ராக்ஸி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கலாம்.

பேசிக் மட்டும் இருந்தால் வேலை எளிது, ஆபத்து அதிகம். பேசிக் முறையில் கடவுச்சொல் மறையாக்கம் ஆவதில்லை, பேஸ்64 ஆக மாற்றப்பட்டு ஒவ்வொரு கோரிக்கையிலும் போகும். என்டிஎல்எம் (விண்டோஸின் பழைய அடையாள முறை) என்றால் ஒரே இணைப்பில் மூன்று செய்திகள் பரிமாறி முடிக்க வேண்டும். ஏபிடி, டபிள்யூகெட், பிப் போன்றவற்றுக்குத் தாமாக அதைச் செய்யத் தெரியாது. நெகோஷியேட் என்றால் பெரும்பாலும் கெர்பரோஸ், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதில் காலவரம்புள்ள டிக்கெட்டைக் காட்டும் முறை. கேஇனிட் கட்டளையால் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கர்லில் “--ப்ராக்ஸி-நெகோஷியேட்” விருப்பத்தையும் வெறும் முக்காற்புள்ளியைப் பயனராகவும் கொடுத்துச் சோதிக்கலாம். இங்கே ப்ராக்ஸியை ஐபி எண்ணால் அழைத்தால் தோற்கும், ஏனெனில் டிக்கெட் வழங்கப்படுவது சர்வரின் முழுப் பெயருக்கு. ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பு அமைப்பில் டிக்கெட் 10 மணி நேரம் நிற்கும். காலையில் ஓடியது இரவு வேலையில் 407 கொடுத்தால் முதலில் கேலிஸ்ட் கட்டளையால் டிக்கெட்டின் காலாவதியைப் பாருங்கள்.

உள்வாசலை அமைத்தல்

என்டிஎல்எம் ப்ராக்ஸிக்கு சிஎன்டிஎல்எம் என்ற சிறிய நிரல் பொருத்தமானது. அது 127.0.0.1 முகவரியில் காத்திருக்கும். உள்ளிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி, அடையாளச் சோதனையைத் தானே முடித்து நிறுவன ப்ராக்ஸிக்குக் கடத்தும். மைக்ரோசாஃப்ட் 2024 ஜூனில் என்டிஎல்எம் முறையைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே உங்கள் ப்ராக்ஸி நெகோஷியேட்டும் ஏற்கிறது என்றால் கெர்பரோஸ் பக்கம் போவதே நீண்ட நாளுக்கு நல்லது. ஆனாலும் என்டிஎல்எம் மட்டும் பேசும் ப்ராக்ஸிகள் இன்னும் நிறையவே உள்ளன.

அதை நிறுவுவதிலேயே ஒரு முடிச்சு உண்டு. ப்ராக்ஸியைத் தாண்ட சிஎன்டிஎல்எம் வேண்டும், அதை இறக்க ஏபிடி ப்ராக்ஸியைத் தாண்ட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கு என்டிஎல்எம் தெரியும். அதில் ப்ராக்ஸியைக் கைமுறையாகப் போட்டு, உபுண்டுவின் பொதித் தளத்திலிருந்து உங்கள் பதிப்புக்கும் செயலி வகைக்கும் உரிய டெப் கோப்பை இறக்கி, டிபிகேஜி கட்டளையின் “-ஐ” (சிற்றெழுத்து) விருப்பத்தால் நிறுவுங்கள். கர்லின் “--ப்ராக்ஸி-என்டிஎல்எம்” விருப்பத்தாலும் இறக்கலாம். கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல் பயனர்பெயரை மட்டும் கொடுத்தால் கர்ல் தானே கேட்டு வாங்கும். கட்டளை வரியில் எழுதியது ஷெல் வரலாற்றில் தங்கிவிடும். பல நிரல்களின் விஷயத்தில் பிஎஸ் பட்டியலிலும் மற்றவர் கண்ணில் படும்.

அடுத்து, கடவுச்சொல்லின் ஹேஷ், அதாவது அதிலிருந்து கணக்கிடப்படும் சரம். “சூடோ சிஎன்டிஎல்எம் -எச்” (பேரெழுத்து) கட்டளையில் “-யு” விருப்பத்தால் பயனர்பெயரையும் “-டி” (ஆங்கில d) விருப்பத்தால் டொமைனையும் கொடுங்கள். டொமைனில் புள்ளிகள் உள்ள நீளமான பெயர் வேண்டாம், விண்டோஸ் உள்நுழைவில் சாய்கோட்டுக்கு முன் வரும் குறும்பெயரே வேண்டும். கடவுச்சொல்லைத் தட்டியதும் பாஸ்எல்எம், பாஸ்என்டி, பாஸ்என்டிஎல்எம்வி2 என மூன்று வரிகள் வரும். கடைசி ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் இரண்டும் பழைய, பலவீனமான முறைகளுக்கானவை. பாஸ்என்டிஎல்எம்வி2 பயனர்பெயரையும் டொமைனையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், இரண்டில் எது மாறினாலும் ஹேஷைப் புதிதாக எடுக்க வேண்டும்.

/இடிசி/சிஎன்டிஎல்எம்.கான்ஃப் கோப்பில் இருக்க வேண்டியவை இவ்வளவுதான்: யூசர்நேம், டொமைன், ஆத் என்ற வரியில் என்டிஎல்எம்வி2, பாஸ்என்டிஎல்எம்வி2 வரியில் மேலே கிடைத்த ஹேஷ், ப்ராக்ஸி வரியில் 10.1.1.10:3128, லிசன் வரியில் 127.0.0.1:3128, கேட்வே வரியில் நோ. நிறுவனத்தில் இரண்டாவது ப்ராக்ஸி இருந்தால் இன்னொரு ப்ராக்ஸி வரி சேர்க்கலாம். முதலாவது விழுந்தால் நிரல் அடுத்ததற்கு மாறும். மாதிரிக் கோப்பில் வரும் பாஸ்வேர்டு வரியை விட்டுவைக்காமல் நீக்குங்கள். பிறகு கோப்பின் உரிமையாளரை ரூட் ஆக்கி அனுமதியை 0600 ஆக்குங்கள். ஹேஷ்தானே என்று அலட்சியம் வேண்டாம். என்டிஎல்எம்மைப் பொறுத்தவரை அந்த ஹேஷ் கையில் இருந்தால் கடவுச்சொல் தெரியாமலே உள்ளே நுழைந்துவிடலாம்.

சேவையைக் கிளப்பும் முன் “சூடோ சிஎன்டிஎல்எம் -ஐ -எம்” (இரண்டும் பேரெழுத்து) கட்டளையை ஒரு வெளித்தள முகவரியுடன் ஓட்டினால், அது கடவுச்சொல்லைக் கேட்டு, ப்ராக்ஸி எந்த என்டிஎல்எம் வகையை ஏற்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துச் சொல்லும். ஒரு எச்சரிக்கை: கடவுச்சொல் தவறாக இருந்தால் இந்தச் சோதனை ஒரே ஓட்டத்தில் பல தோல்விகளைப் பதிவுசெய்யும், கணக்கு பூட்டப்படலாம். கடவுச்சொல் சரி என்று தெரிந்த பிறகே ஓட்டுங்கள். முடிந்ததும் சிஸ்டம்சிடிஎல் கொண்டு சேவையை மறுதொடக்கம் செய்து, “எஸ்எஸ் -எல்டிஎன்பி” வெளியீட்டில் 127.0.0.1:3128 இருக்கிறதா என்று பாருங்கள். 0.0.0.0 அல்லது நட்சத்திரக் குறி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். உங்கள் கணக்கின் பேரில் பக்கத்து மேசைக் கணினியும் இணையம் போகும்.

ப்ராக்ஸி பேசிக் மட்டும் கேட்பதாக இருந்தால் இதே வேலைக்கு ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி நிரலை உங்கள் கணினியிலேயே ஓட்டினால் போதும். ஸ்க்விட்.கான்ஃப் கோப்பில் எச்டிடிபி_போர்ட் வரியில் 127.0.0.1:3128; கேஷ்_பியர் வரியில் 10.1.1.10, பேரண்ட், 3128, 0, நோ-குவெரி, டிஃபால்ட், கடைசியில் லாகின்= என்பதற்குப் பின் பயனர்பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல்; அடுத்த வரியில் நெவர்_டைரக்ட் அலவ் ஆல். இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டால் ஸ்க்விட் சில கோரிக்கைகளை நேரடியாக வெளியே அனுப்பப் பார்க்கும், ஃபயர்வாலில் முட்டி நேரம் கடந்து தோற்கும். ஆக்சஸ் லாகில் “ஹையர்_டைரக்ட்” என்ற சொல் தென்பட்டால் காரணம் இதுதான். லாகின் சரத்தில் % குறி இருந்தால் அதை %% என இரட்டிக்க வேண்டும், இடைவெளிக்கு %20.

இந்த முறைக்கு ஒரு உண்மையான குறை உண்டு. அந்தக் கணினியில் உள்நுழைந்திருக்கும் எவரும் 127.0.0.1:3128 வழியாகப் போகலாம், ப்ராக்ஸி லாகில் உங்கள் பெயர்தான் பதிவாகும். ஒருவருக்கு ஒரு மடிக்கணினி என்றால் கவலை இல்லை. பலர் எஸ்எஸ்எச் வழியாக நுழையும் பொதுக் கணினியில் தனிப்பட்ட கணக்கை இப்படி வைக்காதீர்கள், ஐடி பிரிவிடம் சேவைக் கணக்கு ஒன்று கேளுங்கள். ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ஓனர் பொருத்தம் போட்டு, உங்கள் பயனர் எண்ணிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும் அனுமதிக்கவும் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் ரூட்டையும், ஏபிடி தரவிறக்கத்துக்குப் பயன்படுத்தும் _ஏபிடி பயனரையும் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் உள்வாசலுக்குத் திருப்புதல்

சூழல் மாறிகளிலிருந்து தொடங்கலாம். /இடிசி/என்விரான்மென்ட் கோப்பில் எச்டிடிபி_ப்ராக்ஸி, எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி, நோ_ப்ராக்ஸி ஆகிய மூன்றும் வேண்டும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு முறை, பேரெழுத்தில் ஒரு முறை. இரண்டும் ஏன் என்றால், எச்டிடிபி_ப்ராக்ஸி மாறியைக் கர்ல் சிற்றெழுத்தில் மட்டுமே ஏற்கும். வலைச் சர்வர் கிளப்பும் சிஜிஐ நிரல்களில் “ப்ராக்ஸி” என்ற பெயரில் வரும் கோரிக்கைத் தலைப்பு பேரெழுத்து மாறியாக உருவெடுத்துவிடும், அந்த ஓட்டைக்குள் சிக்காமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். 2016இல் இதே ஓட்டை வேறு பல மொழிகளின் நூலகங்களில் பரவலாகக் கண்டறியப்பட்டது. பேரெழுத்தை மட்டும் பார்க்கும் நிரல்களும் உள்ளன.

எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸியின் மதிப்பும் எச்டிடிபி://127.0.0.1:3128 தான். பெயரில் எஸ் இருக்கிறதே என்று முகவரியிலும் எஸ் சேர்த்தால், நிரல் ப்ராக்ஸியிடமே டிஎல்எஸ் (மறையாக்கம் செய்த இணைப்பு) பேச முயலும், “தவறான பதிப்பு எண்” என்ற எஸ்எஸ்எல் பிழை வரும். அந்த மாறி சொல்வது எச்டிடிபிஎஸ் தளங்களுக்கு எந்த ப்ராக்ஸி என்பதை மட்டுமே. ப்ராக்ஸி வரையிலான பேச்சு சாதாரண எச்டிடிபி, அதில் கனெக்ட் கட்டளை போய்ச் சுரங்கம் திறக்கும்.

இந்தக் கோப்பு ஷெல் நிரல் அல்ல. டாலர் குறி போட்டு ஒரு மாறிக்குள் இன்னொன்றை நுழைக்க முடியாது. # வந்தால் அதற்குப் பின் உள்ளதெல்லாம் குறிப்புரையாகி வெட்டுப்படும். கடவுச்சொல்லை இங்கே எழுதக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், கோப்பை எல்லோரும் படிக்கலாம் என்பது பெரிய காரணம். எப்படியும் எழுதியே ஆக வேண்டிய நிலை என்றால் சிறப்புக் குறிகளை மாற்ற வேண்டும்: @ குறிக்கு %40, # குறிக்கு %23, $ குறிக்கு %24, % குறிக்கு %25. @ குறியை அப்படியே விட்டால் அதற்குப் பின் இருப்பதைச் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொண்டு, “பெயரைத் தீர்க்க முடியவில்லை” என்ற பிழை சில நிரல்களில் வரும். பலர் டிஎன்எஸ் கோளாறு என்று தேடிப்போவது இதனால்தான்.

மாற்றியபின் புது டெர்மினல் திறப்பது போதாது. இந்தக் கோப்பு படிக்கப்படுவது உள்நுழையும்போது. முழுவதும் வெளியேறி மீண்டும் நுழையுங்கள். டிமக்ஸில் பழைய அமர்வு ஓடிக்கொண்டிருந்தால் அதில் பழைய மதிப்பே இருக்கும். உபுண்டுவில் சூடோவும் இந்தக் கோப்பைப் படிக்கும். அதே வரிகளை /இடிசி/ப்ரொஃபைல்.டி கோப்புறையில் போட்டால் சூடோ அவற்றைத் துடைத்துவிடும். சூடோ இஎன்வி வெளியீட்டில் ப்ராக்ஸி வரிகள் தெரிகின்றனவா என்று பார்த்தால் சந்தேகம் தீரும்.

நோ_ப்ராக்ஸிதான் எல்லாவற்றிலும் தலைவலி, ஏனெனில் அதற்குப் பொது இலக்கணம் இல்லை. காற்புள்ளியால் பிரியுங்கள், இடைவெளி விடாதீர்கள். லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1 உம் கட்டாயம். உள் டொமைனை முன்புள்ளியுடன் எழுதினால் பெரும்பாலான நிரல்களுக்கு அதன் கீழுள்ள எல்லாப் பெயர்களும் புரியும். நட்சத்திரக் குறி போட்ட வடிவங்கள் கர்லுக்குப் புரியாது. 10.0.0.0/8 போன்ற வரம்பைக் கோ மொழி நிரல்கள் ஏற்கும், கர்ல் 7.86 பதிப்பிலிருந்துதான் ஏற்கிறது. உபுண்டு 22.04இல் உள்ளது 7.81, ஆகவே அங்கே பலிக்காது, 24.04இல் பலிக்கும். டபிள்யூகெட் எங்கேயும் ஏற்காது. உள் சர்வர்களை எண்ணால் அழைக்கும் பழக்கத்தை விட்டுப் பெயரால் அழைப்பதே இதற்கு நிலையான தீர்வு.

ஏபிடி சூழல் மாறிகளையும் பார்க்கும், ஆனால் அதன் சொந்தக் கோப்பில் இருப்பதே செல்லும். /இடிசி/ஏபிடி/ஏபிடி.கான்ஃப்.டி கோப்புறையில் 95ப்ராக்ஸி என்று ஒரு கோப்பு வைத்து, “அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி” என்பதற்கும் அதன் எச்டிடிபிஎஸ் இணைக்கும் அதே உள்முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வரியின் முடிவில் அரைப்புள்ளி வேண்டும். சரியாக எழுதியும் பழைய ப்ராக்ஸியையே தேடுகிறது என்றால், ஏபிடியின் வேறொரு அமைப்புக் கோப்பில் பழைய முகவரி தங்கியிருக்கலாம். ஏபிடி-கான்ஃபிக் டம்ப் வெளியீட்டில் எது வென்றிருக்கிறது என்று தெரியும். அலுவலகத்துக்குள் மிரர் (பொதிகளின் நகல் சர்வர்) இருந்தால் அதன் பெயரைச் சேர்த்து “டைரக்ட்” என்று தனி வரி போடலாம்.

ஸ்னாப்புக்கு “சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம்” கட்டளையில் ப்ராக்ஸி.எச்டிடிபி, ப்ராக்ஸி.எச்டிடிபிஎஸ் இரண்டும். க்னோம் செட்டிங்ஸில் 127.0.0.1, 3128. உலாவிகள் இனி பயனர்பெயர் கேட்டுப் பெட்டி திறக்காது.

டாக்கரை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இமேஜ்களை (கண்டெய்னர் எனும் தனித்த சூழலுக்கான வார்ப்புகளை) இழுப்பது டாக்கர் சேவை. அதற்கு /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் கோப்புறையின் கீழ் டாக்கர்.சர்வீஸ்.டி என்ற கோப்புறையை உருவாக்கி, எச்டிடிபி-ப்ராக்ஸி.கான்ஃப் கோப்பில் சர்வீஸ் பகுதியில் என்விரான்மென்ட் வரிகளை எழுதி, டீமன்-ரீலோட் செய்து மறுதொடக்கம் செய்யுங்கள். சிஸ்டம்டி கோப்புகளில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு. ஆகவே கடவுச்சொல்லுடன் எழுதுவோர் %40 என்பதை %%40 என்று எழுதினால்தான் சரியாகப் போய்ச் சேரும். நம் முறையில் கடவுச்சொல்லே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை.

இமேஜ் கட்டுவதும் கண்டெய்னர் ஓட்டுவதும் வேறு கதை. கண்டெய்னருக்குள் 127.0.0.1 என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும், வெளியே உள்ள சிஎன்டிஎல்எம்மை அல்ல. கட்டும்போது “--நெட்வொர்க்” விருப்பத்துக்கு ஹோஸ்ட் கொடுத்தால் உள்முகவரி அப்படியே வேலை செய்யும். ஓடும் கண்டெய்னர்களுக்கு, டாக்கர் பாலத்தின் இயல்பு முகவரியான 172.17.0.1:3128ஐ இரண்டாவது லிசன் வரியாகச் சேர்த்து, பயனர் கோப்புறையிலுள்ள டாக்கரின் கான்ஃபிக்.ஜேசன் கோப்பில் ப்ராக்ஸிஸ் பகுதியில் அதையே கொடுக்கலாம். ஆனால் கணினி துவங்கும்போது டாக்கர் பாலம் எழும் முன்பே சிஎன்டிஎல்எம் கிளம்பினால் அந்த முகவரியைப் பிடிக்க முடியாமல் விழும். சேவைக் கோப்பில் டாக்கருக்குப் பின் என்று வரிசையைக் குறித்துவிடுங்கள்.

ஜாவாவுக்கு எச்டிடிபி.ப்ராக்ஸிஹோஸ்ட், எச்டிடிபிஎஸ்.ப்ராக்ஸிஹோஸ்ட் பண்புகளும் அவற்றின் போர்ட் பண்புகளும் வேண்டும். விலக்குப் பட்டியலான நான்ப்ராக்ஸிஹோஸ்ட்ஸில் பிரிப்பது காற்புள்ளி அல்ல, செங்குத்துக் கோடு. இங்கே நட்சத்திரக் குறி செல்லும். மேவனுக்கு செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல், கிரேடிலுக்கு கிரேடில்.ப்ராபர்டீஸ். ஜேடிகே 8இன் 111ஆம் புதுப்பிப்பிலிருந்து எச்டிடிபிஎஸ் சுரங்கத்துக்குப் பேசிக் முறை இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் ஜாவா மட்டும் 407இல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உள்வாசல் இருந்தால் ஜாவா கடவுச்சொல்லைக் கையாளவே வேண்டாம்.

கிட் எச்டிடிபிஎஸ் வழியில் சூழல் மாறிகளோடு ஓடும். எஸ்எஸ்எச் வழியில் 22ஆம் போர்ட் வெளியே போகாது, பொதுவாகக் கனெக்ட் 443க்கு மட்டுமே அனுமதி. கிட்ஹப் 443இல் எஸ்எஸ்எச் சேவையைத் தருகிறது. எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம், போர்ட் 443, ப்ராக்ஸிகமாண்டில் “என்சி -எக்ஸ் கனெக்ட்” என்று எழுதி உள்முகவரியைக் கொடுங்கள். -எக்ஸ் இரண்டு முறை வரும்: பேரெழுத்து வகையைச் சொல்லும், சிற்றெழுத்து முகவரியைச் சொல்லும்.

கடவுச்சொல் மாறும் நாள்

பல அலுவலகங்களில் கடவுச்சொல் சில மாதங்களுக்கு ஒரு முறை காலாவதியாகும். பத்துக் கோப்புகளில் எழுதிவைத்திருந்தால் ஒன்றாவது விடுபடும். அது பின்னணிச் சேவையாக இருந்தால் பழைய கடவுச்சொல்லை விடாமல் அனுப்பிக் கணக்கைப் பூட்டிவிடும். ஸ்னாப்டி இயல்பில் நாளுக்கு 4 முறை புதுப்பிப்பு தேடும், அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸும் தன் பாட்டுக்கு ஓடும். பூட்டைத் திறக்கச் சொல்லித் திறந்த கணக்கு சற்று நேரத்தில் மறுபடி பூட்டிக்கொள்வது இப்படித்தான். வரிசை முக்கியம்: முதலில் சிஎன்டிஎல்எம் சேவையை நிறுத்துங்கள், பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள், புது ஹேஷ் எடுத்துக் கோப்பில் வையுங்கள், சேவையைக் கிளப்புங்கள், கர்லால் ஒரே ஒரு கோரிக்கை அனுப்பி 200 வருகிறதா என்று பாருங்கள். 407 வந்தால் மறுபடி நிறுத்திவிட்டுத்தான் காரணம் தேட வேண்டும்.

407 தீர்ந்தபின் வரும் சான்றிதழ் பிழை

சில நிறுவன ப்ராக்ஸிகள் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்துத் தம் சொந்தச் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்பும். அப்போது ப்ராக்ஸி சரியாக இருந்தும் “சான்றிதழை வழங்கியவரைக் கண்டறிய முடியவில்லை” என்ற பிழை வரும். இதற்கு -கே போட்டுச் சரிபார்ப்பை அணைப்பது தவறான மருந்து. அணைத்துவிட்டால் இடையில் யார் நுழைந்தாலும் தெரியாது. நிறுவனத்தின் மூலச் சான்றிதழை ஐடி பிரிவிடமிருந்து பிஇஎம் வடிவில் வாங்கி, பெயரின் முடிவு சிஆர்டி என இருக்கும்படி /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் கோப்புறையில் வைத்து, அப்டேட்-சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் கட்டளையை ஓட்டுங்கள். முடிவு பிஇஎம் என்றே இருந்தால் கட்டளை அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். “1 சேர்க்கப்பட்டது” என்ற செய்தி வந்ததா என்று பாருங்கள்.

கர்ல், டபிள்யூகெட், ஏபிடி, கிட் இதோடு சரியாகும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் தன்னோடு கொண்டுவரும் சான்றிதழ்த் தொகுப்பைப் பார்ப்பதால், ரிக்வெஸ்ட்ஸ்_சிஏ_பண்டில் மாறியில் /இடிசி/எஸ்எஸ்எல்/சர்ட்ஸ் கோப்புறையிலுள்ள சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்.சிஆர்டி கோப்பின் பாதையைக் கொடுங்கள். நோடுக்கு நோட்_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ் மாறி. ஃபயர்ஃபாக்ஸுக்குத் தனிக் களஞ்சியம், அதன் சான்றிதழ் அமைப்பில் கையால் சேர்க்க வேண்டும். டாக்கர் இமேஜ்களுக்குள்ளும் இதே சான்றிதழ் போக வேண்டும். வெளியே சேர்த்தது உள்ளே தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் சான்றிதழ் “இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று வந்தால் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். நேர ஒத்திசைவு யுடிபி 123ஆம் போர்ட்டில் நடப்பது, எச்டிடிபி ப்ராக்ஸி வழியாகப் போகாது. டைம்சின்க்டி.கான்ஃப் கோப்பில் என்டிபி வரியில் நிறுவனத்தின் உள் நேரச் சர்வரைப் போட்டு, டைம்டேட்சிடிஎல் வெளியீட்டில் ஒத்திசைந்தது என்று வரும்வரை காத்திருங்கள். கெர்பரோஸ் பயன்படுத்துவோருக்கு இது இன்னும் அவசரம். கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் இயல்பு அமைப்பில் டிக்கெட்டே கிடைக்காது.